மேல் சிகிச்சைக்குக் கொண்டு செல்லும் வழியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மேல் சிகிச்சைக்காகக் கோவைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிரிழந்தார்' என்று ஒரு வரி உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. இருபது வருஷமாக அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். இப்போது அந்த வரியைக் கண்டால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு அடிபட்டார், எந்த ஊரில், எத்தனை ஆஸ்பத்திரி மாறினார் என்று தேடுகிறேன். செய்தியில் அதெல்லாம் இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. வெட்டித்தான் போட வேண்டும் என்றால் என் தொழில் பெருமையை வெட்டுங்கள், போன் விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று சத்தீஸ்கரில் ஓடுகிறது. இன்னொன்று இங்கே சுத்துவட்டாரத்துக்கு. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிக்காரர் மேல்தான் விழ வேண்டும், அதனால் அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயம் இல்லை. ஆடி மாதம் மழைக்கு வண்டி ஊர் திரும்பி, யார்டில் கம்ப்ரஸர் இறக்கி வேலை நடந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பதரை இருக்கும். சப்போர்ட் லாரியை ரிவர்ஸ் எடுத்தபோது, பின்னால் ராடு எண்ணிக்கொண்டிருந்த என் அக்கா மகன் லாரிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். 26 வயசு. டிப்ளமா படித்துவிட்டு என்னிடம் மேனேஜராக இருக்கிறான்.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. "மாமா, இடுப்புதான் புடிச்ச மாதிரி இருக்குது, ஒண்ணுமில்லைங்க" என்று பேசிக்கொண்டுதான் இருந்தான். 108ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. டிரைவரும் ஹெல்பரும் நானுமாகத் தூக்கி, என் காரின் பின் சீட்டில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனோம். இடுப்பு எலும்பு உடைந்தவனை அப்படி மடக்கவே கூடாதாம். எலும்பு அசைய அசைய உள்ளே ரத்தம் கூடும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அன்றைக்குக் கேட்டிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

ஊருக்குள் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனோம். டியூட்டியில் ஒரு பெண் டாக்டர், என் மகள் வயசுதான் இருக்கும். இடுப்பை இரண்டு கையாலும் ஒருமுறை அமுக்கிப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பெட்ஷீட்டை நாலாக மடித்து இறுக்கிக் கட்டச் சொன்னது. வேட்டி கட்டுகிற இடத்தில் இல்லை, அதற்கும் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் முட்டிக்கொண்டு தெரியும் இடத்தில். இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு பாட்டில் ஏற்றியது. இருபத்தைந்து நிமிஷத்தில் எங்களை ஆம்புலன்ஸில் ஏற்றி ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டது. இடுப்பு எலும்பு ஒரு வளையம். அது பிளந்து விரிந்தால் உள்ளே இடம் பெரிதாகும், அந்த இடத்தில் மூன்று நான்கு லிட்டர் ரத்தம்கூடத் தேங்கும். உடம்பில் இருப்பதே மொத்தம் ஐந்து லிட்டர். பெட்ஷீட் அந்த வளையத்தைத் திரும்பச் சேர்த்து வைக்கிறது. அன்று இரவு நாங்கள் பார்த்த எல்லா வைத்தியத்திலும் செலவே இல்லாத வைத்தியம் அதுதான்.

ஈரோட்டில் நாங்கள் போன இடம் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாயைப் படத்தில் காட்டுகிற 'டை' மருந்தை ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில் இடுப்புக்குள் ஓரிடத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி ஒரு திட்டு. உள் இடுப்புத் தமனியின் கிளை ஒன்று கிழிந்து பீய்ச்சிக்கொண்டிருக்கிறது என்றார் சர்ஜன். அப்போது மணி பதினொன்றரை. பிரஷர் 80க்கு வந்துவிட்டது. இரண்டாவது பாக்கெட் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அறுத்துக் கட்ட முடியாதுங்க. கதீட்டர்னு மெல்லிசான குழாயை ரத்தக் குழாய்க்குள்ள விட்டு உள்ளே இருந்து அடைக்கணும். எம்போலைசேஷன்னு பேரு. எங்ககிட்ட அதைச் செய்யற கேத் லேப் இருக்குது, ராத்திரியில ஆள் இல்லை. கோயமுத்தூர் போயிருங்க."

இந்த இடத்தில் நான் செய்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்தினேன். "ஏனுங்க, இத்தனை பெரிய ஆஸ்பத்திரி கட்டி வெச்சிருக்கறீங்க, ஒரு ரத்தக் குழாயைக் கட்ட ஆள் இல்லையா? வயித்தைத் தொறந்து கட்டுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று நின்றேன். என்னோடு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபது நிமிஷம் அதிலேயே போனது. அந்த சர்ஜன் பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். உள்ளே தேங்கிய ரத்தமே ஒரு அழுத்தம் கொடுத்து ஓட்டையை ஓரளவுக்கு அமுக்கி வைத்திருக்கிறது, வயிற்றைத் திறந்தால் அந்த அழுத்தம் போய்விடும், அப்புறம் ரத்தக் குளத்துக்குள் கிழிந்த நுனியைத் தேடி எடுப்பது லேசில்லை என்றார். துணியைத் திணித்து அமுக்கி வைக்கிற ஆபரேஷன் ஒன்று உண்டாம். அதுவும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கத்தான்.

என் தொழிலை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 800 அடிக்குக் கீழே மோட்டார் அறுந்து விழுந்தால் நாங்கள் நிலத்தைத் தோண்டியா எடுக்கிறோம்? கேமராவை இறக்கிப் பார்க்கிறோம், ஏற்ற கொக்கியை அதே ஓட்டை வழியாக இறக்குகிறோம், மாட்டி இழுக்கிறோம். 22 வருஷமாக அதையே செய்கிறவன், உடம்பு என்று வந்ததும் 'அறுங்க' என்று கத்துகிறேன். ஆபரேஷன் என்றால்தான் வைத்தியம், மற்றதெல்லாம் கை கழுவுகிற பேச்சு என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான்.

சரி, ஆம்புலன்ஸ் கிளம்பும்போது மணி பன்னிரண்டே கால். பெருந்துறை, செங்கப்பள்ளி, அவிநாசி என்று அந்த ரோட்டில் நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். அன்றைக்கு அது முடியவே இல்லை. பையன் அவிநாசி தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டான். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தான். ரத்தம் குறைகிறவர்கள் அப்படித்தான் கொட்டாவி விடுவார்களாம், பின்னால் சொன்னார்கள். அக்கா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து "கண்ணு, தூங்கீராத சாமி" என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தது.

கோவையில் ஈரோட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பிய ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று ஐம்பதுக்கு நின்றோம். அங்கேயும் லேப் இருந்தது. இருதய டாக்டர் ஒருவர் அந்த நேரத்திலும் யாருக்கோ ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தாராம். ஆனால் இந்த வேலை செய்கிறவர் வேறு ஆள், அவர் ஊரில் இல்லை. லேப் என்பது ரிக் மாதிரிதான். வண்டி நிற்கிறது, டிரில்லர் லீவு என்றால் என்ன செய்வது? இருதயக் குழாயைத் திறக்கிறவர் ஒருவர், இடுப்புக் குழாயை மூடுகிறவர் இன்னொருவர். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் என்று பெயர். அப்படி ஒரு டாக்டர் வகை இருப்பதே எனக்கு அன்று இரவுதான் தெரியும்.

அங்கேதான் அது நடந்தது. இருபத்தெட்டு முப்பது வயசில் ஒரு டாக்டர் பையன் ஆம்புலன்ஸுக்கே இறங்கி வந்தான். சிடி போட்ட டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான், திரும்பி வந்து வாசலில் நின்றபடியே தன் செல்போனில் மூன்று பேரைக் கூப்பிட்டான். மூன்றாவது ஆள் எடுத்தார். ஸ்கேன் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். "சார் வீட்ல இருந்து கிளம்பிட்டார், லேப் டெக்னீஷியனையும் எழுப்பியாச்சு, இந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று பெயர் சொன்னான். எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம். நாங்கள் போய் இறங்கும்போது அந்தப் பெரிய டாக்டர் பனியன் மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஐம்பதுக்கு எங்கள் பையன் மேசையில். மூன்று முப்பத்தைந்துக்கு அடைத்தாயிற்று.

உள்ளே என்ன செய்தார்கள் என்பதை அந்த டாக்டர் இரண்டு நாள் கழித்து கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். எனக்கு அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம் போல இருக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். முழு மயக்கம் இல்லை. கவட்டையில் மரப்பு ஊசி மட்டும். தொடைத் தமனிக்குள் ஊசி குத்துகிறார்கள். ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பி. கம்பி உள்ளே நின்றதும் ஊசியை உருவிவிடுகிறார்கள். கம்பியின் மேலேயே குழாயை ஓட்டுகிறார்கள். கம்பிதான் வழிகாட்டி, குழாய் அதன் பின்னால் போகிறது. ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர் என்கிற டாக்டர் 1953ல் எழுதி வெளியிட்ட முறையாம், இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். இத்தனை எளிமையான யோசனை எங்கள் லைனில் யாருக்காவது தோன்றியிருந்தால் அவன் பெயரில் திருச்செங்கோட்டில் ஒரு பட்டறை இருந்திருக்கும்.

குழாயின் அளவைக் கேட்டேன், தொழில் புத்தி. பிரெஞ்ச் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3 பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர். பையனுக்குப் போனது 5 பிரெஞ்ச், அதாவது 1.67 மில்லிமீட்டர். அதற்குள்ளேயே இன்னும் மெல்லிய குழாய் ஒன்று, ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. நான் ஆறரை அங்குல ஓட்டையில் இறக்கவே திணறுகிறேன். குழாய் வழியாக டை விட்டு எக்ஸ்ரே வீடியோ எடுத்தால் ரத்தக் குழாய் இலையில்லாத வேப்ப மரம் மாதிரி கிளை கிளையாகத் தெரிகிறது. ஒரு கிளையின் நுனியில் மட்டும் டை சிந்திக் குளம் கட்டுகிறது. அந்தக் கிளைக்குள் போய், ஜெலட்டின் ஸ்பாஞ்சைக் கத்தரிக்கோலால் பொடிப் பொடியாக வெட்டி டையில் ஊறவைத்துச் செலுத்தினார்கள். அதன் பின்னால் பிளாட்டினத்தில் ஒரு சுருள் கம்பி, காயில் என்கிறார்கள். திரும்ப டை விட்டால் கிளை மொட்டையாக நிற்கிறது. சிந்தல் இல்லை. 70ல் நின்ற பிரஷர் மேசையிலேயே 110க்கு ஏறியதாம்.

ஸ்பாஞ்ச் சில வாரங்களில் தானே கரைந்துவிடும், காயில் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். 'அந்தக் குழாயை அடைத்தால் அந்தப் பக்கம் சதை செத்துப்போகாதா' என்று கேட்டேன். இடுப்புக்குள் ரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, பக்கத்து வழியில் ரத்தம் வந்துவிடும், பெரும்பாலும் பிரச்சினை வராது, எப்போதாவது வரும் என்றார். 'எப்போதாவது வரும்' என்று வாய்விட்டுச் சொன்ன டாக்டர் எனக்குப் பிடித்துப்போனார். டையினால் சிறுநீரகம் கெடக்கூடும் என்று மூன்று நாள் கிரியேட்டினின் என்கிற ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். கால் நீட்டி ஆறு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். எலும்புக்கு பிளேட் வைத்ததெல்லாம் அடுத்த வாரம். எலும்பு காத்திருக்கும் என்றார்கள். மொத்தம் ஆறு பாக்கெட் ரத்தம்.

ஐசியூ வாசலில் நான்கு நாள் உட்கார்ந்திருந்ததில் இந்தக் குழாய் இன்னும் யாரையெல்லாம் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் நிற்காத ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பைத் தமனியை இதேபோல் அடைத்திருந்தார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. உடுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு, பழைய காசநோய்த் தழும்பிலிருந்து வாய் வழியாகக் கொட்டிய ரத்தத்தை நுரையீரலில் போய் அடைத்தார்கள். அவர் தினத்தாளை விரித்து வைத்துக்கொண்டு கொப்பரை விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இது ஏதோ நேற்று வந்த வித்தை என்று நினைத்தேன். என் மகள் ரேடியாலஜி படிக்கிறாள், இரண்டாம் வருஷம். அவள்தான் திருத்தினாள். இரைப்பை ரத்தக்கசிவை இப்படி அடைத்ததை அமெரிக்காவில் 1972ல் எழுதிவிட்டார்கள். முதலில் அடைக்கப் பயன்படுத்தியது அந்த நோயாளியின் உறைந்த ரத்தத்தையேதானாம். இடுப்பு முறிவுக்குச் செய்ததும் அதே வருஷம் பத்திரிகையில் வந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முந்திய சமாச்சாரம்.

அவள் டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்டாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனிக்குள் பலூனை ஏற்றி ஊதி, கீழே போகும் ரத்தத்தையே தற்காலிகமாக நிறுத்துகிற முறை இருக்கிறதே, ரிபோவா என்று, அதை ஈரோட்டிலேயே போட்டு அனுப்பியிருக்கலாமே என்றாள். கொரியப் போரிலேயே ராணுவ டாக்டர்கள் அதை முயன்று பார்த்திருக்கிறார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, உட்காரவைத்து விளக்கினார். பலூனை ஊதினால் அதற்குக் கீழே எல்லாம் பட்டினி. நெஞ்சு மட்டத்தில் ஊதினால் அரை மணி நேரத்தைத் தாண்டவே பயம், குடல், சிறுநீரகம் எல்லாம் அதற்குள் அடங்கும். சிறுநீரகத் தமனிக்குக் கீழே ஊதினால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதை வைத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து கோவை வருவது நடக்காத காரியம். அதோடு, பிரிட்டனில் 16 பெரிய விபத்து மருத்துவமனைகளில் 90 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2023ல் வெளியிட்டார்கள். 90 நாளில் பலூன் வசதியோடு சிகிச்சை பெற்றவர்களில் 54 சதவீதம் இறந்திருக்கிறார்கள், அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதம். பலூன் வைக்கப் போன நேரத்தில், உண்மையில் அடைக்க வேண்டியது தள்ளிப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரியில் போய் பலூன் போடுங்கள் என்று என்னைப் போலக் கத்த வேண்டாம். எதைப் போடுவது என்பது அவர்கள் வேலை.

நமக்கும் சுகாதாரத் துறைக்கும் உள்ள வேலை வேறு. கணக்குப் பாருங்கள். அடிபட்டது ஒன்பதரை. அடைத்தது மூன்று முப்பத்தைந்து. ஆறு மணி நேரம் ஐந்து நிமிஷம். இதில் அடைக்கிற வேலைக்கு முக்கால் மணி நேரம். மீதி முழுக்க ரோடு, வாசல், கையெழுத்து, என் கத்தல். ஈரோட்டில் ஸ்கேன் வந்த பதினொன்றரைக்கே யாராவது அந்த ஏழு நிமிஷ போனைப் போட்டிருந்தால், என் கூச்சலுக்கும் அந்தத் தப்பான வாசலுக்கும் வேலை இருந்திருக்காது. ஒன்றரை மணிக்குப் பையன் மேசையில் இருந்திருப்பான், டாக்டரும் தயாராக நின்றிருப்பார். ஒரு பாறையில் ஹேமர் மாட்டிக்கொண்டால்கூட நாங்கள் யாரிடம் கருவி இருக்கிறது, அவர் வீட்டில் இருக்கிறாரா, வண்டியில் டீசல் இருக்கிறதா என்று பத்துப் பேருக்குப் போன் போட்ட பின்னால்தான் லாரியை அனுப்புகிறோம். மனுஷனை மட்டும் 'கோயமுத்தூர் போயிருங்க' என்று ஒரு ஊர்ப் பெயரை எழுதி அனுப்புகிறோம். அத்தனை பெரிய ஊரில் அந்த ராத்திரியில் அதற்கு ஒரு வாசல்தான் திறந்திருந்தது.

நம் மாநிலத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008லிருந்து 108 ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசம், தொடங்கியபோதே ஒரு லட்சம் ரூபாய் வரை என்றார்கள். எங்களுடையது யார்டுக்குள் நடந்தது, அந்தக் கணக்கில் வராது, அதைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை. ஆனால் பணம் கொடுக்கத் திட்டம் போட்டவர்களுக்கு, கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் இன்று இரவு இந்த வேலைக்கு எந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில் முறை என்று ஒரு பட்டியல் போடுவது பெரிய காரியமா? அரசு, தனியார் இரண்டையும் சேர்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு 108 அலுவலகத்திலும் எல்லா அவசரப் பிரிவிலும் அது இருந்தால் போதும். வாராவாரம் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று போர்டு வைக்கிற ஊர்கள் உண்டு. இதற்கும் ஒரு போர்டு வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் ஆளை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். 'அங்கே இதைச் செய்கிறவர் இப்போது இருக்கிறாரா, அவரிடம் நீங்கள் பேசிவிட்டீர்களா' என்று மட்டும் கேளுங்கள். 'பேசிவிட்டேன்' என்ற பதில் வரும் வரைக்கும் வண்டியில் ஏறாமல், ஸ்கேன் படத்தை உங்கள் போனிலும் ஏற்றிக்கொண்டு, அனுப்புகிற டாக்டரை அங்கே பேச வையுங்கள்.

பையன் இப்போது தடியை விட்டுவிட்டான். குனிந்து ராடு எண்ண இன்னும் முடியவில்லை. லாரிக்கு ரிவர்ஸ் அலாரம் மாட்டியாயிற்று. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், 900 ரூபாய் சமாச்சாரம். அப்புறம் நானும் மகளும் உட்கார்ந்து பதினொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ராத்திரியில் எம்போலைசேஷன் செய்ய ஆள் வருவாரா என்று கேட்டோம். நான்கு இடத்தில் 'அப்படின்னா என்னங்க' என்றார்கள். மூன்று இடத்தில் 'வருவார், முன்னாலேயே சொல்லிவிட்டு வாங்க' என்றார்கள். அந்த மூன்று நம்பரையும் ஒரு அட்டையில் எழுதி இங்கே ஓடுகிற வண்டியின் கேபினிலும், யார்டு சுவரிலும், ஊருக்குள் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பெண் டாக்டர் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டது. சத்தீஸ்கர் வண்டிக்கு இன்னும் எழுதவில்லை. அங்கே யாரைக் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரிக் வண்டி உரிமையாளர்,
திருச்செங்கோடு